அமெரிக்காவில் பழைய கார் வாங்கும்போது டீலர் சேர்க்கும் மறைமுகக் கட்டணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் புதிதாக வந்திறங்கும் மாணவர்களும், வேலைக்கு வந்து ஆறு மாதமாகியும் பஸ்ஸுக்குக் காத்திருந்தே களைத்துப்போனவர்களும் பழைய கார் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். பலரோடு நானே டீலர் கடைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, விளம்பரத்தில் 14,500 டாலர் என்று இருந்தது. போய் உட்கார்ந்தால் 18,700 என்று தாளை நீட்டுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

மூன்று விதமான பணம் ஒரே தாளில் கலந்திருக்கிறது. ஒன்று காரின் விலை. இன்னொன்று அரசுக்குப் போவது: விற்பனை வரி, உரிமைப் பத்திரக் கட்டணம், பதிவுக் கட்டணம். மூன்றாவது டீலர் தன் பையில் போட்டுக்கொள்வது. விளம்பரத்தில் முதலாவதை மட்டும் காட்டுவார்கள். இரண்டாவதை நாம் எதிர்பார்த்தே போகிறோம். மூன்றாவது, இரண்டாவதின் நிழலில் ஒளிந்துகொண்டு வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காரின் விலை 14,500. அதன்மேல் "ரீகண்டிஷனிங்" 995, "பாதுகாப்புப் பொதி" (கண்ணாடிப் பொறிப்பு, டயர் நைட்ரஜன் போன்றவை) 1,295, ஆவணக் கட்டணம் 699. கூட்டினால் 17,489. இதற்கு 6 சதவீத வரி 1,049. பத்திரமும் பதிவும் 180. ஆக மொத்தம் 18,718. டீலர் சேர்த்த மூன்று கட்டணங்களையும் நீக்கிவிட்டால் 15,550-இல் முடிந்திருக்கும். வித்தியாசம் 3,168 டாலர். இதில் 179 டாலர், தேவையே இல்லாத கட்டணத்தின் மேல் நாம் கட்டும் வரி. அதை யாரும் தனியாகக் காட்டுவதில்லை.

எது அரசுக்கு, எது டீலருக்கு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி அச்சடித்திருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இந்தப் பணம் யாருக்குப் போகிறது?" என்று கேளுங்கள். ஒரே கேள்விதான். டாக்டரிடம் போனால் வலிக்கும் இடத்தைக் காட்டுவதுபோல, வெட்கப்படாமல் கேட்க வேண்டும். விற்பனையாளர் "எங்கள் கடைக்கு" என்றோ "இது எங்கள் நடைமுறை" என்றோ சொன்னால், அது பேரம் பேசக்கூடிய பணம்.

அரசுக்குப் போகும் தொகையை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையின் இணையதளத்தில் பத்திரக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வெளிப்படையாக இருக்கின்றன. பெரும்பாலும் நீங்கள் காரைப் பதிவு செய்யும் மாநிலத்தின் வரிதான் பொருந்தும். ஆரிகன், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது. கடைக்குப் போவதற்கு முந்தைய இரவே இந்தத் தொகையை ஒரு தாளில் கூட்டிவைத்துக்கொண்டு போனால், தாளில் இருக்கும் மற்ற எண்களெல்லாம் தாமாகவே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "மின்னணுப் பதிவுக் கட்டணம்" என்று அரசு முத்திரை குத்தியதுபோல ஒரு தொகை தாளில் வரலாம். பதிவு வேலையைச் செய்யும் தனியார் நிறுவனத்துக்கான கட்டணமாக அது இருக்கக்கூடும். பெயரைப் பார்த்து அரசுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

டாக் ஃபீ என்றால் என்ன? "சட்டப்படி எல்லோரிடமும் ஒரே தொகைதான் வாங்க வேண்டும்" என்கிறார். உண்மையா?

பத்திரங்களைத் தயாரித்து அரசு அலுவலகத்தில் பதிவுசெய்யும் வேலைக்கு டீலர் வாங்கும் கூலிதான் டாக் ஃபீ, அதாவது ஆவணக் கட்டணம். பெயர் எப்படி இருந்தாலும் அது அரசுக் கட்டணம் அல்ல. கலிபோர்னியாவில் இதற்கு உச்சவரம்பு 85 டாலர். நியூயார்க்கில் 175. புளோரிடாவில் வரம்பே இல்லை, அங்கே 1,000 டாலரை நெருங்கும் ஆவணக் கட்டணம் சாதாரணமாகக் கண்ணில் படும். எல்லா ஊரிலும் ஏறக்குறைய அதே மாதிரிப் படிவங்களைத்தான் நிரப்புகிறார்கள். வேலையின் அளவு தொகையைத் தீர்மானிக்கவில்லை, சட்டத்தின் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் தொகை ஓடுகிறது.

"எல்லோரிடமும் ஒரே தொகை" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஒருவருக்கு விட்டுக்கொடுத்து இன்னொருவரிடம் வாங்கினால் பாகுபாடு காட்டியதாகிவிடும் என்று டீலர்கள் அந்தத் தொகையில் கை வைக்க மாட்டார்கள். அதனால் அங்கே முட்டிக்கொள்ளாதீர்கள். "சரி, 699 இருக்கட்டும். காரின் விலையில் 699 குறையுங்கள்" என்று சொல்லுங்கள். காரின் விலையை மாற்ற அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

"ரீகண்டிஷனிங்" கட்டணம் நியாயம்தானே? காரைச் சுத்தம் செய்து, டயர் மாற்றி வைத்திருக்கிறார்களே.

செய்த வேலை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் செய்துதான் 14,500 என்று விலை வைத்தார்கள். அழுக்கோடு, தேய்ந்த டயரோடு இருந்த காருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. விற்பனைக்குத் தயார்படுத்திய செலவு விலைக்குள் அடங்கியது. அதையே தனிக் கட்டணமாக மறுபடி போடுவது ஒரே வேலைக்கு இரண்டு கூலி. "டீலர் பிரெப்", "சோதனைக் கட்டணம்" என்று வருபவையும் இதே குடும்பம்.

பழைய காரின் தாளில் "டெஸ்டினேஷன் சார்ஜ்" என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். தொழிற்சாலையிலிருந்து புதிய காரைக் கொண்டுவரும் செலவு அது. முதல் உரிமையாளர் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்.

கண்ணாடியில் காரின் அடையாள எண்ணைப் பொறித்தாகிவிட்டது, டயரில் நைட்ரஜன் நிரப்பியாகிவிட்டது, இனி எடுக்க முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

எடுக்க முடியாது என்பது அவர்களுடைய சிக்கல். நீங்கள் கேட்காமல் அவர்களாகப் பொருத்தியது. "பொருள் காரிலேயே இருக்கட்டும், பணம் தர மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு எழுந்து நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் பக்கத்தில் இருந்தபோது இரண்டு முறை இது நடந்திருக்கிறது. இரண்டு முறையும் கதவை எட்டுவதற்குள் மேலாளர் வந்து அந்த வரியை அடித்துவிட்டார். மூன்றாம் முறை அடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டோம். அந்தப் பையன் அடுத்த வாரம் வேறொரு கடையில் நல்ல கார் வாங்கினான்.

நைட்ரஜனைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரணக் காற்றடித்த டயரிலும் அதுவே இருக்கிறது. மீதியைச் சேர்ப்பதற்கு நூற்றுக்கணக்கில் கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெயின்ட் பாதுகாப்பு, இருக்கைத் துணிக்கான தெளிப்பு, கதவு ஓரத்துப் பட்டை எல்லாம் இந்த வரிசைதான். வேண்டுமென்றால் வெளியே நீங்களே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

"அவுட் த டோர்" விலை கேள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படிக் கேட்பது?

கடையை விட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வெளியேறும் கணம் வரை உங்கள் கையிலிருந்து போகும் மொத்தப் பணம்தான் அது. வரி, பத்திரம், பதிவு, ஆவணக் கட்டணம், பொருத்திய பொருள்கள் எல்லாம் உட்பட. இதைக் கடைக்குப் போவதற்கு முன்பே, மின்னஞ்சலில் அல்லது குறுஞ்செய்தியில் வாங்குங்கள். கடிதம் சிறியதாக இருந்தால் போதும்: எந்தக் கார் என்று கடை அதற்குக் கொடுத்த ஸ்டாக் எண்ணையோ, காரின் அடையாள எண்ணான வின் எண்ணையோ குறிப்பிடுங்கள், பதிவு செய்யப்போகும் முகவரியின் ஜிப் எண்ணைச் சொல்லுங்கள், எல்லாக் கட்டணங்களையும் தனித்தனி வரியாகப் பிரித்து மொத்தத் தொகையை அனுப்பச் சொல்லுங்கள், இந்த விலை அவர்களிடம் கடன் வாங்கினால்தான் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். மூன்று கடைகளுக்கு எழுதினால் ஒன்றாவது ஒழுங்கான பதில் அனுப்பும். அந்தப் பதிலைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டுவதைவிடத் தாளை மேசையில் வைப்பதற்கு மரியாதை அதிகம்.

விலையைப் பற்றியே பேச மாட்டேன் என்கிறார். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதில் என்ன தவறு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மாதத் தவணை என்பது மூன்று திருகாணிகளைக் கொண்ட பொறி: விலை, வட்டி, காலம். மூன்றும் அவர் கையில். நீங்கள் ஒரு தவணையைச் சொன்ன கணத்தில், அந்த எண்ணுக்குள் எவ்வளவு திணிக்கலாம் என்று அவர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

20,000 டாலர் கடனை 9 சதவீத வட்டியில் 60 மாதங்களில் கட்டினால் மாதம் சுமார் 415 டாலர், மொத்தம் சுமார் 24,910. இப்போது டீலர் 2,000 டாலருக்குத் தேவையில்லாத பொருள்களைச் சேர்த்துக் கடனை 22,000 ஆக்குகிறார், காலத்தை 72 மாதமாக நீட்டுகிறார். மாதத் தவணை சுமார் 397. "பாருங்கள், உங்களுக்காகப் பேசித் தவணையைக் குறைத்துவிட்டேன்" என்று கை குலுக்குவார். மொத்தம் கட்டுவதோ 28,550 டாலரைத் தாண்டும். மாதம் 18 டாலர் குறைந்த மகிழ்ச்சியில் 3,600 டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். "முதலில் மொத்த விலையை முடிவுசெய்வோம், கடனைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்பதையே எத்தனை முறை கேட்டாலும் சொல்லுங்கள்.

ஊரில் வழக்கம்போல, முழுப் பணத்தையும் மொத்தமாகக் கொடுத்தால் விலையைக் குறைப்பார்கள் அல்லவா?

இங்கே பெரும்பாலும் தலைகீழ். கடன் ஏற்பாடு செய்வதில் டீலருக்கு வருமானம் உண்டு. மொத்தப் பணத்தோடு வருபவரிடம் அந்த வருமானம் இல்லை. சில விளம்பர விலைகளின் அடியில், பொடி எழுத்தில், "எங்கள் மூலம் கடன் பெற்றால் மட்டும்" என்று இருக்கும். கையில் பணம் என்றதும் விலை ஆயிரம், இரண்டாயிரம் ஏறும். மின்னஞ்சலில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். மொத்த விலை எழுத்தில் வந்து சேரும்வரை எப்படிப் பணம் கட்டப்போகிறீர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

10,000 டாலருக்கு மேல் நோட்டாகக் கொடுத்தால் டீலர் 15 நாள்களுக்குள் 8300 என்ற படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அது எல்லோருக்கும் உள்ள நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கென்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வட்டியை வங்கிதானே முடிவுசெய்கிறது? டீலர் அதில் என்ன மறைக்க முடியும்?

எனக்கு இது புரியவே பல ஆண்டுகள் ஆயின. வங்கி உங்களுக்கு 7 சதவீதம் என்று டீலரிடம் சொல்கிறது. அந்த வட்டிக்கு "பை ரேட்" என்று பெயர். டீலர் உங்களிடம் 9 சதவீதம் என்று சொல்லலாம். நடுவில் உள்ள 2 சதவீதத்தின் பெரும்பங்கு அவருக்கு. எந்தத் தாளிலும் தனி வரியாக வராத கட்டணம் இதுதான். 20,000 டாலர், 60 மாதம் என்றால் 7 சதவீதத்தில் மாதம் 396, 9 சதவீதத்தில் 415. ஐந்தாண்டு முடிவில் சுமார் 1,150 டாலர் வித்தியாசம். டாக் ஃபீக்காக அரை மணி நேரம் வாதாடிவிட்டு இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மருந்து எளியது. கடைக்குப் போவதற்கு முன் ஒரு கிரெடிட் யூனியனிலோ (உறுப்பினர்கள் நடத்தும் கூட்டுறவு வங்கி போன்றது) வங்கியிலோ கடனுக்கு முன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். டீலர் அதைவிடக் குறைந்த வட்டி தந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களில் விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு: 14 நாள்களுக்குள் செய்யும் கார் கடன் விண்ணப்பங்களை, ஃபைகோ என்ற பரவலான கிரெடிட் ஸ்கோர் கணக்கிடும் முறை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

நான் வந்தே மூன்று மாதம்தான். கிரெடிட் ஸ்கோரே இல்லை. அவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. கடன் வரலாறு இல்லாததும் மோசமான கடன் வரலாறும் ஒன்றல்ல. புதிதாக வந்தவர்களுக்கு வேலைக் கடிதம், விசா, பாஸ்போர்ட் பார்த்துக் கடன் கொடுக்கும் கிரெடிட் யூனியன்கள் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்துடனோ நிறுவனத்துடனோ தொடர்புள்ள கிரெடிட் யூனியனில் முதலில் கேளுங்கள். இன்னொரு யோசனை: முதல் காரை விலை குறைந்ததாக, கடனே இல்லாமல் வாங்குங்கள். "உங்களுக்கு வேறு யாரும் தர மாட்டார்கள், நான்தான் உதவுகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் அன்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படிப் பயமுறுத்திச் சொல்லும் இடத்தில்தான் கட்டணங்கள் மிக அதிகமாக இருந்திருக்கின்றன.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தால்தான் வங்கி கடன் தரும்" என்றார் கடைசி அறையில் இருந்தவர். எடுத்துவிட்டேன். சரியா?

பெரும்பாலும் அது உண்மையல்ல. அப்படிச் சொன்னால், வங்கியின் நிபந்தனையை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி அறைக்குக் கடன், காப்பீட்டு அலுவலகம் என்று பெயர். விலை பேசி முடித்து, களைத்து, கார் கிடைத்த மகிழ்ச்சியோடு நுழைகிறோம். டீலரின் லாபத்தில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. நீட்டித்த வாரண்டி, கேப் காப்பீடு, கடன் காப்பீடு, டயர் பாதுகாப்பு என்று பட்டியல் வரும். எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். முன்பணம் மிகக் குறைவாகக் கட்டி வாங்குகிறவருக்கு, கார் விபத்தில் முற்றிலும் அழிந்தால் காப்பீடு தரும் தொகைக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் கேப் காப்பீடு உதவும். ஆனால் அதை உங்கள் கார் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் விசாரியுங்கள், பல நேரம் அங்கே விலை குறைவு.

1968-ஆம் ஆண்டின் கடன் வெளிப்படைச் சட்டப்படி, கடன் ஒப்பந்தத்தில் நான்கு எண்கள் தெளிவாக இருக்க வேண்டும்: ஆண்டு வட்டி விகிதம், மொத்த வட்டிச் செலவு, கடனாக எடுக்கும் தொகை, நீங்கள் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை. "கடனாக எடுக்கும் தொகை" நீங்கள் பேசி முடித்த மொத்த விலையிலிருந்து முன்பணத்தைக் கழித்தால் வருவதோடு பொருந்த வேண்டும். ஒரு டாலர் கூடினாலும் ஏன் என்று கேளுங்கள். இப்போது பல கடைகளில் திரையில் விரலால் கையெழுத்து வாங்குகிறார்கள், பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். "தாளில் அச்சடித்துக் கொடுங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். என் முதல் காரை வாங்கியபோது மடியில் தூங்கும் குழந்தையோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படிக்காமல் கையெழுத்திட்டேன். திருட்டுத் தடுப்புப் பொறிப்பு என்று ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், குழந்தைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். அலுப்பில்தான் தவறு நடக்கிறது.

கார் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமா?

கட்டாயம். அதற்கு "பையர்ஸ் கைடு" என்று பெயர். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிப்படி 1985 முதல் பழைய கார் விற்கும் டீலர்கள் அதை ஒட்டியாக வேண்டும். மேன், விஸ்கான்சின் இரண்டு மாநிலங்களும் தமக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. வாரண்டி உண்டா, அல்லது "ஆஸ் இஸ்", அதாவது இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்வதா என்று அதில் குறியிட்டிருக்கும். மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் டீலர் "ஆஸ் இஸ்" என்று விற்கவே முடியாது.

கட்டணத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், அந்தத் தாள் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இந்தத் தாளில் உள்ளதே செல்லும். அதில் டீலர் வாரண்டி உண்டு என்று குறியிட்டிருக்கும்போது, அதே பாதுகாப்பை உள்ளே இன்னொரு பெயரில் விலைக்கு விற்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்ச்சொல்லை நிலைநாட்டுவது கடினம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள் என்று அந்தத் தாளே சொல்கிறது. வெளி மெக்கானிக்கிடம் காரைக் காட்ட அனுமதி கேட்கும்படியும் அது சொல்கிறது. மறுக்கும் கடையில் நான் யாரையும் வாங்க விட்டதில்லை.

"சர்டிஃபைட்" கார் என்பதால் 1,500 கூடுதல் என்கிறார்கள்.

யார் சான்று கொடுத்தது என்று கேளுங்கள். கார் தயாரிப்பாளரின் திட்டத்தின்கீழ் சான்று பெற்றதென்றால் தயாரிப்பாளரின் வாரண்டி சேர்ந்து வரும், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. டீலர் தானே அச்சடித்த சான்று என்றால் மதிப்பு அந்தக் கடையின் வாசலோடு சரி. எதுவாக இருந்தாலும், விளம்பரத்திலேயே "சர்டிஃபைட்" என்று போட்டிருந்தால் அந்த விலைக்குள் சான்றும் அடக்கம் என்று பிடித்து நில்லுங்கள்.

அப்படியானால் நேரடியாக உரிமையாளரிடமே வாங்கிவிடலாமே?

டாக் ஃபீயும் கடைசி அறையும் இருக்காது என்பது உண்மை. ஆனால் பையர்ஸ் கைடும் இருக்காது. பத்திரத்தில் பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும், பதிவுக்கும் நீங்களே அலைய வேண்டும். நல்ல மெக்கானிக் துணை இருந்தால் வாங்குங்கள்.

காரை ஓட்டி வந்து பத்து நாளாகிவிட்டது. "கடன் ஒப்புதல் ஆகவில்லை, வந்து புதிய தாளில் கையெழுத்துப் போடுங்கள்" என்று போன் வருகிறது. போகலாமா?

தனியாகப் போகாதீர்கள். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கடன் முடிவாவதற்கு முன்பே காரை ஓட்டிச்செல்ல விட்டு, பிறகு கூடுதல் வட்டியிலோ கூடுதல் முன்பணத்திலோ மறுபடி கையெழுத்து வாங்குவது பழைய உத்தி. காரோடு மனம் ஒட்டிவிட்டிருக்கும், அக்கம்பக்கத்தில் காட்டியிருப்போம், திருப்பிக் கொடுக்க மனம் வராது. அதை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள்.

கடன் மறுக்கப்பட்டதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். புதிய நிபந்தனை பிடிக்காவிட்டால், காரை ஒப்படைத்துவிட்டு, முன்பணத்தையும் மாற்றாகக் கொடுத்த பழைய காரையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொல்லி, எழுதவும் செய்யுங்கள். முன் ஒப்புதலோடு போயிருந்தால் இந்த போனே வந்திருக்காது.

மூன்று நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று நண்பன் சொன்னான். காருக்கும் உண்டுதானே?

இல்லை. பெரும்பாலும் வீடு தேடி வந்து விற்பவற்றுக்காக ஏற்பட்ட கூட்டாட்சி விதி அது. டீலர் கடையில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. சில கடைகள் தாமாகவே திருப்பி வாங்கும் வசதி தருகின்றன, அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும். கலிபோர்னியாவில் 2025-இல் கையெழுத்தான சட்டம், 2026 அக்டோபர் 1 முதல் 50,000 டாலருக்குக் குறைவான பழைய கார்களுக்கு மூன்று நாள் உரிமையைத் தருகிறது. மற்ற இடங்களில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று எண்ணிக்கொண்டு பேனாவை எடுங்கள்.

இந்த மறைமுகக் கட்டணங்களையெல்லாம் அரசு தடைசெய்துவிட்டது என்று படித்தேனே?

நீங்கள் படித்தது 2023 டிசம்பரில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அறிவித்த விதியாக இருக்கும். உண்மையான மொத்த விலையைச் சொல்ல வேண்டும், வாங்குபவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது, பயனற்ற கூடுதல் பொருள்களை விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. டீலர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. விதியை உருவாக்கிய நடைமுறையில் குறை இருக்கிறதென்று 2025 ஜனவரியில் ஐந்தாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நடைமுறைக்கு வராமலேயே போனது. எனக்கு அன்று உண்மையிலேயே மனம் கசந்தது.

ஆனால் ஏமாற்றுவது இன்றும் சட்டவிரோதம்தான். 2022-இல் நேப்பிள்டன் என்ற பெரிய டீலர் குழுமம், வாடிக்கையாளரின் சம்மதமின்றிக் கூடுதல் பொருள்களை பில்லில் சேர்த்ததாகவும் கறுப்பின வாடிக்கையாளர்களிடம் அதிகம் வாங்கியதாகவும் ஆணையமும் இல்லினாய் மாநிலமும் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 10 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மக்கள் எழுதும் புகார்களும் இத்தகைய வழக்குகளுக்கு வழி திறக்கின்றன. ஆணையத்திடமும், மாநிலத் தலைமை வழக்கறிஞரிடமும், டீலருக்கு உரிமம் தரும் மாநிலத் துறையிடமும் புகார் கொடுக்கலாம். விசா நிலையில் இருப்பதால் புகார் கொடுக்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர், அந்த உரிமைக்கு விசா கேட்பதில்லை. விளம்பரத்தின் படம், மின்னஞ்சல், ஒப்பந்தம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.

கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகிவிட்டது. அந்த வாரண்டியையாவது ரத்து செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். நீட்டித்த வாரண்டி என்று நாம் சொல்வது தனி ஒப்பந்தம். காரைத் திருப்ப முடியாவிட்டாலும் இதைத் தனியே ரத்து செய்ய வழி இருக்கும். ஒப்பந்தத்தில் "ரத்து" என்ற பகுதியைத் தேடுங்கள். தொடக்க நாள்களுக்குள் என்றால் பல ஒப்பந்தங்களில் முழுத் தொகை, அதற்குப் பிறகு கடந்த நாளுக்கும் ஓடிய மைலுக்கும் ஏற்பக் கழித்துக்கொண்டு மீதி. கேப் காப்பீட்டுக்கும் பொதுவாக இதே வழி. டீலரிடம் போனில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் தள்ளிப்போடத் தள்ளிப்போடத் திரும்பும் தொகை தேய்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ள நிர்வாக நிறுவனத்துக்கும் டீலருக்கும் ஒரே நாளில், ஓடோமீட்டர் எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் அனுப்புங்கள்.

கடன் மூலம் வாங்கியிருந்தால் திரும்பும் பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போய் அசலில் கழியும். மாதத் தவணை அப்படியேதான் இருக்கும், கடன் சில மாதங்கள் முன்னதாக முடியும். ஆறு வாரம் கழித்துக் கடன் கணக்கைத் திறந்து, அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.